சுற்றாடல் அனுமதிக்குப் பிறகு என்ன? திறந்தவெளிச் சுரங்கமும் அதன் நிபந்தனைகளும்

சென்ற மாதம் மூதூருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். புல்மோட்டைக் கனிய மணலில் தொடங்கிய பேச்சு சம்பூருக்கு வந்து, கடைசியில் தமிழ்நாட்டு நெய்வேலியில் போய் நின்றது. "சுற்றாடல் அனுமதி எடுத்துத்தானே செய்கிறார்கள், பிறகு என்ன பயம்?" என்றார் ஒருவர். "அனுமதி வெறும் கடதாசி, யாருக்கும் கிடைக்கும்" என்றார் மற்றவர். இறங்கும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த அனுமதியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் நிபந்தனைகளைப் பற்றி இருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. உண்மையில் ஊரின் கிணற்றையும் காற்றையும் காப்பாற்ற வேண்டியவை அந்த நிபந்தனைகள்தான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1990இல் குச்சவெளிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த எங்கள் குடும்பம் பல வருடங்கள் கடலூர் மாவட்டத்தில் ஓர் அகதி முகாமில் இருந்தது. நெய்வேலி அங்கிருந்து அதிக தூரமில்லை. சுரங்கத்தின் விளிம்பில் பள்ளிப் பிள்ளைகளாக வரிசையில் நின்று கீழே பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. படிப்படியாக இறங்கும் மண் சுவர்கள். நடுவே வாளிகள் பூட்டிய ஒரு பெரிய சக்கரம் மெல்லச் சுழன்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஒரு மிளகு நகர்வது போல ஏதோ தெரிந்தது. அது மனிதன் என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் அந்தக் குழியின் அளவு எனக்குப் புரிந்தது.

நம் இலங்கையில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. இருந்தும் நெய்வேலியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நிலத்தையும் நீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அசைக்கும் வேலை அது. அங்கே நிபந்தனைகள் எப்படி வேலை செய்கின்றன என்று விளங்கிவிட்டால், நம்மூர்க் கல் குவாரிக்கும் கனிய மணலுக்கும் நாமே பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

## கிளினிக் கொப்பி

ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டுக்காரர் சாவியைத் தருகிறார், கூடவே ஓர் ஒப்பந்தமும் எழுதுகிறார். சுவரை உடைக்கக் கூடாது, மின்சாரக் கட்டணத்தை மாதந்தோறும் கட்ட வேண்டும், போகும்போது இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும். அனுமதியைச் சாவியாகவும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் வரிகளாகவும் வைத்துக்கொள்ளலாம். சாவி கையில் வந்ததை மட்டும் கொண்டாடிவிட்டு ஒப்பந்தத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது வாடகைக்கு விட்ட எல்லோருக்கும் தெரியும்.

இந்த உவமை பாதி தூரம்தான் வரும். நம் வீடுகளில் கிடக்கும் கிளினிக் கொப்பி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. என் அம்மாவுக்கு நீரிழிவு. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்ததால் மட்டும் அவருக்குச் சீனி குறைந்துவிடவில்லை. மருந்தைத் தினமும் போட வேண்டும், குறித்த நாளில் இரத்தம் பார்க்க வேண்டும், வந்த எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும், எண் கூடினால் மருந்தை மாற்ற வேண்டும். இந்தச் சுற்று நின்றுபோனால் அந்தச் சீட்டு வெறும் கடதாசி. பஸ்ஸில் வந்த இரண்டாமவர் சொன்னது அந்த அளவில் சரிதான்.

சுற்றாடல் நிபந்தனை என்பது, ஒரு திட்டம் செய்யக்கூடிய கேட்டைக் குறித்த அளவுக்குள் வைத்திருக்க, அனுமதி கொடுக்கும் அதிகாரி அந்த நிறுவனத்தின் மேல் சட்டப்படி சுமத்தும் கடமை. திட்டம் நடக்கும் காலம் முழுவதும் அது உயிரோடிருக்கும். குழி தோண்டி முடிந்த பிறகும் சில நிபந்தனைகள் தொடரும்.

## ஏன் இவ்வளவு பெரிய குழி?

பழங்காலத்துக் காடுகளும் சதுப்புகளும் மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தப்பட்டு நிலக்கரியாகின்றன. அந்தப் பயணத்தில் பாதி வழியில் நிற்பது பழுப்பு நிலக்கரி. கருநிலக்கரியை விட மென்மையானது, ஈரம் மிகுந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அதை ஏற்றி வெகுதூரம் கொண்டுபோவது தண்ணீரைக் காசு கொடுத்துச் சுமப்பதற்குச் சமம். அதனால்தான் மின் நிலையத்தைச் சுரங்கத்தின் வாசலிலேயே கட்டுகிறார்கள்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே மணலும் களியும் கலந்த மண் ஏறத்தாழ 50 முதல் 100 மீற்றர் வரை கிடக்கிறது. இந்தத் தளர்ந்த மண்ணில் சுரங்கப்பாதை குடைந்தால் கூரை நிற்காது. ஆகவே மேல் மண் முழுவதையும் அகற்றி, நிலக்கரிப் படுகையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதுதான் திறந்தவெளிச் சுரங்கம். ஒரு தொன் நிலக்கரிக்கு ஐந்து முதல் ஆறு கன மீற்றர் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ இரண்டு கியூப். ஒரு தொன் எடுக்க இரண்டு கியூப் மண் என்றால், ஆண்டுக்கு இலட்சக்கணக்கான தொன்களுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்த ஒரு வேலையிலிருந்து பிறக்கும் தொல்லைகள் பல: மண் மலையாகக் குவிகிறது, தூசி பறக்கிறது, மழைநீர் சேறாகி ஓடுகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது. ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு நிபந்தனை என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

## அடியிலிருந்து முட்டும் நீர்

என் சித்தப்பா கிணறு வெட்டுபவர். ஒருமுறை களி மண்ணைக் கடந்து வெட்டிக்கொண்டிருந்தபோது கிணற்றின் அடி மெல்ல மேலே உப்பத் தொடங்கியது. காலடியில் மண் கொதிப்பது போலக் குமிழிகள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார். சில நிமிடங்களில் மணலும் நீரும் சேர்ந்து இடுப்பளவு நிறைந்துவிட்டன. "மேலே இருந்த பாரத்தை நாம் எடுத்துவிட்டோம், கீழே இருப்பவள் எழும்புகிறாள்" என்றார். அந்த ஒரு வரியில் நெய்வேலியின் மிகப் பெரிய பொறியியல் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மண்ணுக்கடியில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் மணல் அல்லது பாறை அடுக்கை நீர்த்தாங்கி என்கிறோம். மேலும் கீழும் நீர் புகாத அடுக்குகளுக்கிடையே நெருக்கப்பட்டு, வழி கிடைத்தால் மேலெழும் அழுத்தத்தோடு நீர் இருந்தால் அது அழுத்த நீர்த்தாங்கி. நெய்வேலியில் நிலக்கரிக்கு நேர் கீழே இப்படியொன்று இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது, நீரோடு கறுப்பான துகள்களும் மேலே வந்தன. அங்கே நிலக்கரி இருப்பது தெரிய வந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நிலக்கரியைக் காட்டிக் கொடுத்த அதே நீரோடுதான் சுரங்கம் இன்றுவரை மல்லுக்கட்டுகிறது.

மேல் மண்ணை அகற்றியதும் பாரம் குறைகிறது. அடிநீரின் அழுத்தம் சுரங்கத் தளத்தைப் பிளந்துகொண்டு வரக்கூடும். அதைத் தடுக்க, சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீர் இறைக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்ய முடியாது.

இப்போது அரிசிச் சாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் அந்த இடத்தில் மட்டும் குழி விழுவதில்லை. சுற்றியுள்ள அரிசியும் சரிந்து ஒரு கூம்பு உண்டாகிறது. ஓரிடத்தில் தொடர்ந்து நீர் இறைத்தால் நிலத்தடி நீர்மட்டமும் அப்படித்தான் சுற்றுவட்டாரத்தில் சரிகிறது. சுரங்க வேலிக்கு வெளியே, யாரோ ஒருவரின் தென்னந்தோட்டத்துக் கிணறு அந்தச் சரிவில் அகப்பட்டுக்கொள்கிறது. அவருக்குச் சுரங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் கண்டதெல்லாம் கயிறு எட்டவில்லை என்பதுதான்.

இந்த இடத்துக்குத்தான் நிபந்தனைகள் வருகின்றன. இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வழக்கமாக விதிக்கப்படுபவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கிணறுகளோடு புதிய கண்காணிப்புக் குழாய்களையும் சேர்த்து ஒரு வலைப்பின்னல் அமைக்க வேண்டும். நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை, மழைக்கு முன்னும் மழைக்காலத்திலும் மழைக்குப் பின்னும் குளிர்காலத்திலும், அளக்க வேண்டும். சுரங்கம் நீர் இறைப்பதால் ஊர்க் கிணறு வற்றினால் அந்த ஊருக்கு நிறுவனமே நீர் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை அப்படி அளப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். வயலோரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய், மேலே பூட்டு. ஒருவர் பூட்டைத் திறந்து, நுனியில் உலோகத் துண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே இறக்கினார். நாடா போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று கையிலிருந்த சுருளில் 'கீ' என்று ஒரு சத்தம். நுனி நீரைத் தொட்டுவிட்டது. கொஞ்சம் மேலே இழுத்தார், சத்தம் நின்றது. மறுபடி இறக்கினார், கேட்டது. அந்த இடத்தில் நாடாவைக் கட்டைவிரலால் பிடித்து எண்ணை உரத்துச் சொன்னார், பக்கத்தில் நின்றவர் எழுதிக்கொண்டார். மொத்தம் இரண்டு நிமிட வேலை. ஒரு கிராமத்தின் கிணறுகள் வற்றியதற்குச் சுரங்கம் காரணமா, மழை பொய்த்தது காரணமா என்ற வழக்கு நாளைக்கு வந்தால், இந்த இரண்டு நிமிடங்கள்தான் சாட்சி சொல்லும்.

நம் கரையோரத்துக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் மணலுக்கடியில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கூடுதலாக இறைத்தால் நல்ல நீர் மெலிந்து உவர் மேலேறும். ஏறிய உவரை இறக்குவதற்குப் பல மாரிகள் தேவைப்படும். ஆகவே கரையோரத் திட்டம் எதுவாக இருந்தாலும் நீர்மட்டத்தை மட்டும் அளந்தால் போதாது, உவரையும் அளக்க வேண்டும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால், சுரங்கம் நீர் இறைப்பது பாதுகாப்புக்காக. அதன் விளைவு வேலிக்கு வெளியே போகிறது. நிபந்தனையின் வேலை அந்த விளைவை அளந்து, எல்லை வைத்து, பாதிக்கப்பட்டவருக்கு நீர் கொடுக்கச் செய்வது.

## கண்ணுக்குத் தெரியாத தூசி, கண்ணுக்குத் தெரியும் சேறு

தெருவில் டிப்பர் போனதும் எழும் புழுதி கண்ணை உறுத்தும், ஆனால் அதில் பெரும்பகுதி சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். நுரையீரலுக்குள் போவது அதைவிட மிக நுண்ணியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரோமீற்றர். பத்து மைக்ரோமீற்றருக்கு மேற்படாத துகள்களை பி.எம். 10 என்கிறார்கள். தலைமுடியின் தடிப்பில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பொதுக் காற்றில் பி.எம். 10இன் 24 மணிநேரச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலை. இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தரநிலையும் அதே எண்தான்.

பாதைகளில் பவுசரில் நீர் தெளிப்பது, மண்ணும் நிலக்கரியும் அவற்றைச் சுமந்து நகரும் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு விழும் இடங்களில் நீர் தூவுவது, லொறிகளை மூடிக்கொண்டு போவது என்று இதற்கான நிபந்தனைகள் எளிமையானவை. பழுப்பு நிலக்கரி குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் தன்மையுள்ளது என்பதால் அங்கே நீர் தெளிப்பதற்கு இரண்டாவது காரணமும் உண்டு.

இங்கே நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது அளக்கும் கருவியை எங்கே வைக்கிறார்கள் என்பதை. திருகோணமலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசுவது எல்லோருக்கும் தெரியும். கச்சான் காலத்தில் ஒரு குவாரியின் மேற்குப் பக்கத்தில் தூசிக் கருவியை வைத்தால் அது எப்போதும் நல்ல எண்ணைத்தான் காட்டும். தூசி முழுவதும் கிழக்கே இருக்கும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். எண் உண்மைதான், ஆனால் அந்த எண் ஊரைப் பற்றியது இல்லை. ஆகவே அறிக்கையில் எண்ணைப் பார்க்கும் முன் இடத்தையும் காற்றின் திசையையும் பாருங்கள். 24 மணிநேரச் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். பாடசாலை தொடங்கும் நேரத்தில் மோசமாக இருந்த ஒரு மணிநேரம், அமைதியான இரவோடு சேர்ந்து சராசரிக்குள் கரைந்துவிடும்.

சேற்று நீருக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மழை நாளில் வாய்க்கால் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து மேசையில் வையுங்கள். முதலில் பால் தேநீர் நிறம். ஒரு மணிநேரத்தில் அடியில் மணல் படியும். மறுநாள் காலையில் மேலே ஓரளவு தெளிந்திருக்கும், ஆனால் நுண்களி அப்போதும் கலங்கலாகவே நிற்கும். சுரங்கத்தில் கட்டப்படும் படியவைக்கும் குளம் இந்தப் போத்தலின் பெரிய உருவம்தான். நீர் அதில் மெல்ல நகர வேண்டும், தங்க நேரம் வேண்டும், அடியில் சேரும் சேற்றைக் காலாகாலத்தில் அள்ள வேண்டும். அள்ளாத குளம் நிறைந்த போத்தலைப் போன்றது: வந்த நீர் வந்தபடியே வெளியே போய்விடும்.

வெளியே விடும் நீரில் மிதக்கும் திண்மம் ஒரு லீற்றருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவில் ஆறு குளங்களில் விடும் கழிவுநீருக்கான எல்லை. 1000 லீற்றர் தாங்கி ஒன்றில் 100 கிராம் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு நாளில் ஒரு கோடி லீற்றர் நீரை எல்லைக்குள்ளேயே வெளியேற்றினால் அதோடு ஒரு தொன் மண் போகிறது. எல்லையை மீறவில்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள்படாது. நம்மிடையே மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் விடயம் இதுதான்.

## குழியை மூடும்போது எது மேலே வர வேண்டும்?

வீட்டு முற்றத்தில் ஒரு குழி வெட்டி மண்ணைப் பக்கத்தில் குவித்துப் பாருங்கள். முதலில் வரும் கறுத்த மண் குவியலின் அடியில் போகும். கடைசியில் வந்த வெளிறிய மண் மேலே கிடக்கும். அப்படியே திருப்பித் தள்ளினால் குழி நிரம்பும், ஆனால் நல்ல மண் எங்கேயோ நடுவில் புதைந்துவிடும், மேலே வெறும் சக்கை. அதில் புல்லும் சரியாக முளைக்காது. 50 மீற்றருக்கு மேல் தோண்டும் இடத்தில் இந்தத் தவறு எவ்வளவு பெரிதாகும்?

அதனால் விளைமண்ணைத் தனியே எடுத்து, தனியே குவித்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. விளைமண் என்பது வேரும் புழுவும் நுண்ணுயிரும் வாழும் மேலடுக்கு. அதை உயரமாகக் குவித்துப் பல வருடம் கிடப்பில் போட்டால் உள்ளே காற்றுப் போகாமல் உயிரிழந்துவிடும். ஆகவே குவியல் தாழ்வாக இருக்க வேண்டும், அதன் மேல் புல் போட்டுக் காக்க வேண்டும், முடிந்த பகுதிகளில் உடனுக்குடன் பரப்ப வேண்டும். சுரங்கம் ஒரு பக்கம் முன்னேற, மறுபக்கம் பழைய குழியை நிரப்பிக்கொண்டே வருவது இதற்காகத்தான்.

2020 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், தோண்டி முடித்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் விலங்கும் வாழத்தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சுரங்க நிபந்தனைகளில் சேர்க்கப் பணித்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடுவதற்கான செலவை முன்கூட்டியே ஆண்டுதோறும் ஒரு காப்புக் கணக்கில் போட்டுவர வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே இருக்கிறது. வாடகை வீட்டுக்கு முற்பணம் வாங்குவதைப் போல. நிறுவனம் நாளைக்கு இல்லாமல் போனாலும் குழியை மூடப் பணம் இருக்க வேண்டும்.

மரநடுகை பற்றி ஒன்று மட்டும். எத்தனை கன்று நட்டோம் என்ற எண் எனக்கு எதையும் சொல்வதில்லை. மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எழுதட்டும்.

## நல்ல நிபந்தனையை எப்படி அடையாளம் காண்பது?

'தூசியைக் கட்டுப்படுத்தப் போதிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எது போதியது? யார் சொல்வது? இதை மீறினார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நிறைவேற்றினார்கள் என்றும் நிரூபிக்க முடியாது. இப்போது இதைப் படியுங்கள்: 'கிழக்கு எல்லையில் உள்ள பாடசாலை வளவில் வாரம் இருமுறை பி.எம். 10 அளந்து, முடிவை மாதந்தோறும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும்.' இந்த இரண்டாவது வரியில் எதை, எங்கே, எப்போது, யாருக்குக் காட்ட என்ற நான்கும் இருக்கின்றன. ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையால்கூட அது நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரு கல் குவாரியின் தூசி பற்றி ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, 'நிபந்தனைகள் பின்பற்றப்படுகின்றன' என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. எந்த நிபந்தனை, எந்த எண், எந்தத் தேதி, எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கொப்பியைத் திறக்காமலே 'உங்களுக்குச் சீனி இல்லை' என்று சொல்லும் வைத்தியரை நாம் நம்புவோமா?

## யார் அளக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்?

இந்தியாவில் பெரிய சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கொடுக்கப்படுகிறது. அதைப் பெற்றவர், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்ற அறிக்கையை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1 மற்றும் டிசம்பர் 1 தேதிகளில், கொடுக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தனியே வேண்டும்.

அறிக்கை எழுதுவது நிறுவனமே. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். என் அம்மாவும் வீட்டில் தானே விரலில் குத்திச் சீனி பார்த்து எழுதுகிறார், அதில் தவறில்லை. ஆனால் கிளினிக்கில் வேறொருவர் இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும், எழுதிய கொப்பியும் திறந்து கிடக்க வேண்டும். அதிகாரியின் திடீர்ச் சோதனை, வேறு ஆய்வுகூடத்தின் அளவீடு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய அறிக்கை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால், தானே அளந்து தானே எழுதுவது வெறும் சடங்கு.

எவ்வளவு தோண்டலாம் என்பதும் ஒரு நிபந்தனைதான். ஒடிசா இரும்புத் தாதுச் சுரங்கங்கள் பற்றிய வழக்கில் 2017 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதியில் சொன்ன அளவைத் தாண்டித் தோண்டியது சட்டவிரோதம் என்றும், அப்படி எடுத்த தாதுவின் முழுப் பெறுமதியையும் வசூலிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நிபந்தனைக்குப் பல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

இலங்கையில் அடிப்படை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். 1988இல் வந்த திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்று 1993இன் வர்த்தமானி பட்டியலிட்டது. மொத்தம் 10 ஹெக்டெயரைத் தாண்டும் தரைமேற் சுரங்கமும் அதில் அடங்கும். மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. இயங்கத் தொடங்கிய பிறகு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டியவர்கள் அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். தோண்டுவதற்கான உரிமம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்.

புல்மோட்டையையும் நெய்வேலியையும் ஒப்பிடுபவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டதும் நெய்வேலிச் சுரங்க வேலை தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1957இல். ஆனால் புல்மோட்டைக் கரையில் வாடைக்காலத்துக் கடல் மணலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. நெய்வேலியில் எடுத்தது எடுத்ததுதான். எனவே புல்மோட்டைக்கு முக்கியமான கேள்வி, கடல் கொண்டுவருவதை விடக் கூடுதலாக அள்ளுகிறோமா என்பது. நெய்வேலிக்கான நிபந்தனையைப் பிரதியெடுத்து அங்கே ஒட்ட முடியாது.

சம்பூர் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே திட்டமிடப்பட்ட அனல் மின் நிலையத்தைக் கட்டப்போவதில்லை என்று 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. ஆகவே அதற்கு இன்று நிபந்தனை என்று எதுவும் இல்லை. இப்போது அங்கே வருவது சூரிய மின் திட்டம். அதற்கு நிலமும் மழைநீர் வடிவதும் பற்றிய நிபந்தனைகள் வேறு.

## இன்றைக்கே செய்யக்கூடியது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளையும் கண்காணிப்பு அறிக்கைகளையும் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். 'குவாரியால் தொல்லை' என்று எழுதாமல், 'இன்ன திட்டத்தின் அனுமதி நிபந்தனைகளின் பிரதி, கடந்த 12 மாதத் தூசி அளவீடுகள், அளந்த இடங்களின் வரைபடம்' என்று கேளுங்கள். ஒரு வரிக் கடிதம் பெற்ற பிறகு நான் அப்படித்தான் கேட்டேன். இம்முறை ஒன்பது பக்கம் வந்தது.

இன்னொன்று, திட்டம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. எந்த நிபந்தனையும் 'முன்பு எப்படி இருந்தது' என்ற கணக்கோடு ஒப்பிட்டால்தான் வேலை செய்யும். அந்த முந்தைய கணக்கை அடிப்படைத் தரவு என்கிறார்கள். கிணறு வற்றிய பிறகு 'முன்பு நிறைய நீர் இருந்தது' என்று சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஊரில் ஏழு கிணறுகளை இப்போதே அளக்கத் தொடங்கியிருக்கிறோம். விலை கூடிய நாடா எதுவும் இல்லை. மீற்றர் குறித்த நைலோன் கயிறு, நுனியில் ஒரு வெற்றுப் பால்மா டின். டின் நீரைத் தொடும் 'தொப்' சத்தத்துக்குச் சித்தப்பா காது கொடுப்பார். என் மகள் எழுதுவாள்.

சித்தப்பா வீட்டுக் கிணற்றுக்கு அவள் கொப்பியில் எழுதியிருக்கும் முதல் வரி: 'காலை 6.30. கட்டிலிருந்து நீர்வரை 4 மீற்றர் 62 சென்ரிமீற்றர். இரவு யாரும் இறைக்கவில்லை. உவர் இல்லை.'